கோழி வாங்கும் முன் பத்து மூட்டை காய்ந்த இலை

வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி வளர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ரகம் நல்லது, வாரத்துக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, காய்ந்த இலை எவ்வளவு கைவசம் இருக்கிறது என்று. கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சம் போடும். நாலு கோழி என்றால் வருடத்துக்குச் சுமார் ஒன்றரைக் குவிண்டால். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

முதல் தடவை நானும் இதை யோசிக்கவில்லை. கூண்டு வாங்கினேன், கோழி வாங்கினேன், தரையில் ஒரு கூடை மரத்தூளைத் தூவினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. எட்டாம் நாள் காலையில் கூண்டுக் கதவைத் திறந்தபோது கண் எரிந்தது. அது அம்மோனியா. நாம் குனிந்தால்தான் நம் மூக்குக்கு வரும், கோழியோ நாள் முழுக்க அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகிறது. அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, ஏதாவது செத்துக் கிடக்குதா பாருங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நாற்றம், ஈ, நோய் என்று எதை எடுத்தாலும் கடைசியில் ஈரத்தில்தான் போய் முடிகிறது.

வாங்கும் முன்

உங்கள் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை வரை, சேவல் வைக்கலாமா, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூண்டு இருக்க வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அங்கேயும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது, அதிகாரிகள் மாறுவார்கள்.

அப்புறம் அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கூண்டு வந்த பிறகு சொன்னால் அது தகவல், வருவதற்கு முன் சொன்னால் மரியாதை. "நாலு பெட்டைக்கோழிதான், சேவல் கிடையாது, நாற்றம் வந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்ற மூன்று விஷயம் போதும். முட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். கொடுங்கள், ஆனால் தூக்கம் கெட்ட மனிதரை ஆறு முட்டை சமாதானப்படுத்தாது.

சேவல் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. கூண்டை இருட்டாக மூடிவிட்டால் கூவாது என்று சிலர் சொல்வார்கள். 2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை ஒரே மாதிரி மங்கிய வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடிகிற அடையாளமே இல்லாதபோதும் விடியல் நேரத்தை ஒட்டி அவை கூவின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது, துணி போட்டு அதை நிறுத்த முடியாது. பிரான்ஸில் மோரிஸ் என்ற சேவலின் மேல் பக்கத்து வீட்டார் வழக்கே போட்டார்கள், 2019-இல் சேவல் பக்கம் தீர்ப்பு வந்தது. கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் வழக்கில் ஜெயித்த பிறகும் அதே சுவருக்குப் பக்கத்தில்தானே குடியிருக்க வேண்டும்.

பெட்டையும் சத்தம் போடும், முட்டையிட்டதும் ஊரைக் கூட்டும். அது சில நிமிடம், அதுவும் பெரும்பாலும் முற்பகலில். இதற்கு யாரும் சண்டைக்கு வந்ததாக எனக்கு அனுபவம் இல்லை.

எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்து. ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், கோழி கூட்டத்தில் வாழ்கிற பிராணி. இரண்டு வைத்து ஒன்று செத்தால் மற்றது தனியாகிவிடும். முதல்முறை வளர்ப்பவர்கள் குஞ்சு வாங்காமல் முட்டைக்கு வரப்போகிற விடைக்கோழியாக, நான்கு ஐந்து மாதம் ஆனதாக வாங்கிவிடுங்கள். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அதில் பாதி சேவலாகவும் போகும். அந்த வளர்ந்த சேவலை என்ன செய்வது என்பது வேறு கதை.

கூண்டு

ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே உலாவ வலையடைத்த இடம் 10 சதுர அடி. இது குறைந்தபட்சம், இருந்தால் இன்னும் கொடுங்கள். நெருக்கினால் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்க ஆரம்பிக்கும், ரத்தம் தெரிந்தால் நிறுத்தாது.

உட்காரும் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும், பெட்டி உயரமாக இருந்தால் பெட்டியில் படுத்து அங்கேயே எச்சம் போடும், அப்புறம் தினமும் அழுக்கு முட்டைதான். கட்டையில் கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குல நீளம் கணக்கு. முட்டைப் பெட்டி ஓர் அடிக்கு ஓர் அடி, நாலு கோழிக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தாலும் நாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், ஏன் என்று கேட்காதீர்கள்.

காற்றோட்டம் கோழியின் தலைக்கு மேலே இருக்கட்டும், கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் வலை அடித்த திறப்பு. குளிர் அடிக்கும் என்று எல்லாவற்றையும் மூடுவதுதான் பெரிய தப்பு. இறகு உள்ள உயிர், குளிரைவிட அதற்கு ஈரக்காற்றும் வெயிலும்தான் கஷ்டம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு இரைத்தால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் உடனே வேண்டும்.

வலை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே வைக்கும், ஆனால் நாயை வெளியே வைக்காது. அதைப் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். அதை அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து மண்ணால் மூடிவிட்டால், தோண்டுகிற பிராணி சுவரோரம் தோண்டிப் பார்த்து வலையில் முட்டிக்கொண்டு விட்டுவிடும். தாழ்ப்பாளைத் தூக்கினால் திறக்கிற மாதிரி வைக்காதீர்கள், இரண்டு அசைவு தேவைப்படுகிற கொக்கியாக இருக்கட்டும்.

எலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலி வருவது கோழிக்காக இல்லை, தீவனத்துக்காக. சாயங்காலம் தீவனத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், மூட்டையை மூடி போட்ட தகர டின்னில் கொட்டி வையுங்கள். எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கோழியும் கொத்தும், பக்கத்து வீட்டுப் பூனையும் பிடிக்கும், அதோடு உங்கள் நல்ல பெயரும் போய்விடும்.

எச்சமும் இலையும்

இதுதான் முக்கியமான பகுதி, மற்றதைத் தாண்டிப் படித்தாலும் இதைத் தாண்டாதீர்கள்.

கூண்டுத் தரையில் ஆறு அங்குல உயரத்துக்குக் காய்ந்த இலை, மரத்தூள், உமி, எது கிடைக்கிறதோ அதை நிரப்புங்கள். நான் இலைதான் போடுகிறேன், காசில்லாமல் கிடைக்கிறது, தெருவில் கூட்டிக் கொளுத்துகிறவர்களிடம் மூட்டையை நீட்டினால் சந்தோஷமாக நிரப்பித் தருவார்கள். இலை ஒடிக்கும்போது சரசரவென்று நொறுங்க வேண்டும். கையில் வளைந்தால் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். காலையில் ஒரு கைப்பிடி தானியத்தை அதன்மேல் வீசிவிட்டால் கிளறுகிற வேலையைக் கோழியே பார்த்துக்கொள்ளும். கட்டைக்குக் கீழேதான் எச்சம் குவியும், அந்த இடத்தை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை குச்சியால் புரட்டி மேலே இன்னொரு கூடை இலை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. முட்டி போட்டு, முகத்தைக் கோழியின் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். காட்டு மண் வாசனை வந்தால் சரி. மூக்கில் சுருக்கென்று ஏறினால் ஈரம் அதிகம், இலை குறைவு. உடனே இலை சேர்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பத்தில் ஒன்பது தடவை கோழி தட்டிவிட்ட தண்ணீர்க் கிண்ணம்தான். கொத்தினால் மட்டும் சொட்டுகிற குழாய் முனை பொருத்திய வாளிக்கு மாறிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை போனது.

ஈ ஈரமான எச்சத்தில் முட்டையிடும். வெப்பமான நாட்களில் முட்டை ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் அது காய்ந்துவிட்டாலோ கிளறப்பட்டுவிட்டாலோ புழு பிழைக்காது. பிழைத்த புழுவைக் கோழி விடாது.

சில மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படுக்கையை வாரி உரக்குவியலில் போட வேண்டும், நேராகச் செடிக்குப் போடக்கூடாது. கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம், பச்சையாகப் போட்டால் வேர் கருகும். என் மிளகாய்ச் செடிகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆளுக்கொரு கைப்பிடி வைத்தேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்த தாள்போலச் சுருண்டு நின்றது. குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும், சிறியதாக இருந்தால் குளிர்ந்துபோய்ச் சும்மா கிடக்கும். ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு இலை. ஈரம் பிழிந்த பஞ்சுபோல. கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு வர வேண்டும், 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் நோய்க்கிருமி சாகும், அதனால் ஓரத்தில் இருப்பதை உள்ளே தள்ளி நாலைந்து தடவை புரட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று மாதம் ஆறட்டும். சூடு பிடித்ததா என்று சந்தேகமாக இருந்தால் அதைப் பச்சை எரு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, பச்சை எருவை மண்ணில் கலந்து 120 நாள் கழித்துத்தான் கீரை, கிழங்குபோல மண்ணைத் தொடும் விளைச்சலை அறுக்கலாம், மண்ணைத் தொடாமல் காய்ப்பவற்றுக்கு 90 நாள். வீட்டுக்கும் நான் அதையே பின்பற்றுகிறேன்.

தோட்டத்தில் கோழி

கோழி பூச்சி தின்னும், களை எடுக்கும், உரம் போடும், தோட்டத்துக்கு வரப்பிரசாதம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், பாதி. நாலு கோழியை நாற்றுப் பாத்தியில் விட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்து பாருங்கள். பூச்சி இருக்காது, நாற்றும் இருக்காது. அதற்கு எது களை, எது கத்தரி நாற்று என்று தெரியாது. அது இலையைத் தின்பதைவிடக் காலால் இரண்டு கிளறு கிளறி ஓரடி பின்னால் போய் என்ன கிடைத்தது என்று பார்ப்பதில்தான் சேதம்.

கோழியை அடைப்பதைவிடப் பாத்தியை அடைப்பது சுலபம். மூன்றடி உயர வலையும் நாலு குச்சியும் போதும். மரத்தடி மூடாக்கைச் சிதறடிக்காமல் இருக்க, அதன்மேல் பழைய கம்பி வலையைப் படுக்க வைத்துக் கல் வையுங்கள், அல்லது வேரைச் சுற்றிக் கைக்கு அடங்கும் அளவு கல்லாக நெருக்கி அடுக்குங்கள்.

எப்போது விடுவது என்பதில்தான் சூட்சுமம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். பூச்சி பொறுக்கும், கொஞ்சம் மேயும், பெரிய சேதம் செய்ய நேரம் இருக்காது, இருட்டத் தொடங்கினால் யாரும் விரட்டாமலே கூண்டுக்குப் போய்க் கட்டையில் ஏறிவிடும். அறுவடை முடிந்த பாத்திக்கு மட்டும் முழு அனுமதி. இரண்டு வாரம் அங்கே வலையடைத்து விட்டால் களை விதை, கூட்டுப்புழு, நத்தை எல்லாம் காலி. அதற்கு மேல் விடாதீர்கள், மண்புழுவையும் காலி செய்துவிட்டு மண்ணைத் தளம்போல இறுக்கிவிடும்.

ஒரு மூலையைக் கோழிக்கும் உங்களுக்கும் சேர்த்தே தடை செய்யுங்கள். அங்கே கொத்தமல்லி, துளசி, சாமந்தி எல்லாம் பூத்து விதையாகட்டும், காய்ந்த கிளை கிடக்கட்டும். அசுவினியைத் தின்கிற பொறிவண்டும் புழுவில் முட்டையிடும் குளவியும் இந்தப் பூவுக்குத்தான் வரும். தவளையும் ஓணானும் ஒளிய இடம் கிடைக்கும், இல்லையென்றால் சின்னத் தவளையைக் கோழி விழுங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி நிரப்புங்கள், தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு. காட்டுப் பறவை குடிக்கிற பாத்திரம் கோழி எட்டாத இடத்தில் இருக்கட்டும், பறவைக் காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

இயற்கைத் தோட்டத்தின் மேல் வரும் புகார் பெரும்பாலும் அது பராமரிப்பில்லாமல் கிடக்கிறது என்பதுதான். தெருப்பக்கம் இரண்டடி அகலத்துக்கு மட்டும் ஒழுங்காக வெட்டி, ஒரு கல் வரிசை வைத்து, அதற்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் வளரவிடுங்கள். வேண்டுமென்றே வளர்த்தது என்று தெரிந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பூச்சிமருந்து, களைக்கொல்லி, மருந்து கலந்த விதை எதுவும் கோழி நடமாடும் இடத்தில் வேண்டாம், அது முட்டைக்கு வரும். அரளியும் ஆமணக்கு விதையும் கோழிக்கு விஷம். பழைய வீடு என்றால் சுவர்ப் பெயிண்ட் உதிர்ந்த மண்ணில் ஈயம் இருக்கலாம், கோழி மண்ணைத் தின்னும் பிராணி, அந்த ஈயமும் முட்டையில் சேரும். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள், அதுவரை சுவரோரம் விடாதீர்கள்.

தீனி, தண்ணீர், நோய்

ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம், கால் லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் இருமடங்கு. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தனியாக, முட்டை ஓட்டையே காயவைத்து நொறுக்கி ஒரு கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்டது எடுத்துக்கொள்ளும். பல் கிடையாது, இரைப்பையில் அரைக்கப் பொடிக்கல் வேண்டும். சமையலறை மிச்சம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பூஞ்சை பிடித்த தானியம், உப்பு மிகுந்தது, வேகாத பயறு, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, அவகாடோ கூடாது.

கோழி தினமும் முட்டையிடாது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அதனால் நேரம் தள்ளிக்கொண்டே போய் ஒரு நாள் விடுபடும். பகல் குறைகிற பருவத்திலும் இறகு உதிர்க்கும்போதும் நிறுத்தும். மருந்து வாங்க ஓடாதீர்கள்.

புதிதாக ஒன்று வாங்கினால் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். பிறகு சேர்க்கும்போது இரவில் கட்டையில் வைத்துவிடுவதும், அதற்கு முன் சில நாள் வலைக்கு அந்தப் பக்கம் முகம் காட்டுவதும் நல்லது. அப்படியும் சண்டை வரும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. 1921-இலேயே நார்வேக்காரரான ஷெல்டெரப்-எபே இதை எழுதிவைத்துவிட்டார். ரத்தம் வராதவரை தலையிடாதீர்கள்.

மண்குளியலுக்கு இடம் கொடுங்கள், கூரை போட்ட ஓர் அகலத் தொட்டியில் காய்ந்த மண், கொஞ்சம் சாம்பல். வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, காலால் மண்ணை வாரி இறகுக்குள் தள்ளி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று பதறிவிடுவார்கள். பேனை அது இப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. சிவப்புச் செல் என்கிற சிறு பூச்சி வேறு வகை, பகலில் கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள், சிவப்புக் கறை பட்டால் இருக்கிறது.

வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கும்போதே போடப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் தொடாமல், புதைக்காமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். கூண்டைத் தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகள் கோழிக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய படலம் போய்விடும். சமைக்கும் முன் கழுவினால் போதும்.

கோழி ஏழெட்டு வருடம்கூட இருக்கும், நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு மூன்று வருடம்தான். அதற்குப் பிறகு வைத்துக் காப்பாற்றுவதா, சமைப்பதா, யாருக்காவது கொடுப்பதா என்பதை அதற்குக் குழந்தைகள் பெயர் வைக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தாமதமாகப் பேசினோம். இப்போது முட்டையே இடாத ஒரு கிழவி கட்டையில் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியூர் போவதென்றால் தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு நாளுக்கு நிரப்பி வைத்துவிடலாம், ஆனால் மாலையில் கதவைச் சாத்த ஆள் வேண்டும். எனக்கு அதைச் செய்வது மதில்மேல் எட்டிப் பார்த்த அதே அக்காதான். அவரிடம் நான் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: சாத்துவதற்கு முன் டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள், நாலு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தால் கொத்தமல்லி மூலையில் தேடுங்கள்.